மகள் ஸ்பின்ட்ரானிக்ஸ் படிக்கட்டுமா என்று கேட்ட அக்காவுக்கு

பெங்களூர் அல்சூரிலிருந்து நீங்கள் கேட்டதைப் படித்தேன் அக்கா. பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஸ்பின்ட்ரானிக்ஸில், அதாவது எலக்ட்ரானின் ஸ்பின் என்ற காந்தத்தன்மையைப் பயன்படுத்தும் துறையில், ஸ்கிர்மியான் எனும் மிகச் சிறிய காந்தச் சுழி பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், தெருவில் மற்ற பிள்ளைகளெல்லாம் ஐ.டி. பக்கம் போக இவள் மட்டும் என்ன ஆவாளோ என்பதுதானே கவலை? ஸ்கிர்மியானை வைத்துச் செய்த பொருள் இன்னும் கடைக்கு வரவில்லை, அதனால் அந்தப் பெயரில் வேலை விளம்பரம் தேடாதீர்கள். அவள் கையால் என்ன வேலை பழகப்போகிறாள் என்று பாருங்கள்.

ஸ்கிர்மியானை உண்டாக்க, பிளாட்டினத்தின் மேல் கோபால்ட்டை ஒரு நானோமீட்டர் கனத்துக்குப் படியவைக்க வேண்டும். அந்தக் கனத்தில் கோபால்ட்டின் காந்தம் செங்குத்தாக நிற்கும், கொஞ்சம் தடித்தாலும் படுத்துவிடும். பிளாட்டினத்தைத் தொடும் இடத்தில் அடுத்தடுத்த ஸ்பின்கள், அதாவது அணு அளவிலான குட்டிக் காந்தங்கள், லேசாகத் திருகிக்கொள்ளும், அந்தத் திருகலில்தான் சுழிபோல ஸ்கிர்மியான் பிறக்கிறது. 2009-ல் மாங்கனீஸ் சிலிசைடில் இதைக் கண்டபோது 29 கெல்வின், அதாவது மைனஸ் 244 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர் தேவைப்பட்டது. 2016-ல் பிளாட்டினம், கோபால்ட், டான்டலம் என்று மாற்றி மாற்றி அடுக்கி அறை வெப்பநிலையிலேயே நிற்கவைத்தார்கள். வெளிக் காந்தப்புலத்தை எடுத்த பிறகும் கலையாமல் நிற்கவைப்பதில் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது, உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் வந்து செய்ய வேண்டிய வேலை.

இதற்காக அவள் கற்கும் ஸ்பட்டரிங் (உலோகத்திலிருந்து அணுக்களைப் பெயர்த்து மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறை), வெற்றிடக் கருவிகள், படலத்தின் கனத்தை அளப்பது எல்லாமே சிப் தயாரிப்புக்கும் அடிப்படை. சிப் தொழிற்சாலைகளுக்குக் கருவி செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச் இரண்டுக்குமே பெங்களூரில் மையம் இருக்கிறது. ஸ்பின்ட்ரானிக்ஸில் பிறந்த, காந்தத்தில் தகவலைச் சேமிக்கும் எம்ராம் நினைவகச் சிப்கள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன.

வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமான ஐ.ஐ.எஸ்சி.யில் ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கு (எம்.எஸ்சி.யும் பி.எச்டி.யும் சேர்ந்த படிப்பு) முயலலாம், ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஆறேழு வருடம் ஆகிவிடும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000 என்று வரும், அவள் படிப்புச் செலவு உங்கள் தலையில் விழாது.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு அவளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கருவிக்குள் காற்று வெளியேறி வெற்றிடம் உண்டாகும்வரை மணிக்கணக்கில் காத்திருந்து, எடுத்த படலம் சரியாக வராமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறமும் லேபுக்குப் போகணும் என்றே சொன்னால், தடுக்காதீர்கள் அக்கா, ஜாம் கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிடுங்கள்.