அடக்கினால் கிருமி சும்மா விடுமா?

அன்புள்ள ஐயா,

எதிர்ப்பு செல்கள் சுரக்கும் சைட்டோகைன் என்ற செய்திப் புரதங்கள் கட்டுமீறிப் பெருகி உடலையே தாக்கும் ‘சைட்டோகைன் புயல்’ பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்தி வளரட்டும் என்று வீட்டில் எல்லோரும் கபசுரக் குடிநீர் குடித்தோம். நீங்களோ அது மிகுந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறீர்கள். சரி, மருந்து கொடுத்து அதை அடக்கினால் கிருமி சும்மா விடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கபசுரக் குடிநீரை இந்த வழக்கில் இழுக்க வேண்டாம். இந்தப் புயல் எப்போதும் சக்தி மிகுந்து வருவதில்லை, குறையாலும் வரும். எச்எல்எச் என்ற நோயைப் பாருங்கள். நோய்த்தொற்றுள்ள செல்லில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு அதை அழிப்பது எதிர்ப்பு சக்தியின் கொல்லி செல்களின் வேலை. சில குழந்தைகளுக்கு அந்தப் புரதத்தின் மரபணு பிறவியிலேயே பழுது. 1999இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இலக்கைக் கொல்லவும் முடியாமல் விட்டு விலகவும் முடியாமல், கொல்லி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதனால் தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் உடலின் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்குகின்றன. காய்ச்சல் இறங்காது, மண்ணீரல் வீங்கும், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதத்தின் அளவு ஆயிரக்கணக்கில் ஏறும். ஸ்டீராய்டும் எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்தும் கொடுத்து முதலில் தணிப்பார்கள். பிறவிக் குறைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுதான் நிலையான தீர்வு.

அடக்குவது என்றால் படையையே கலைப்பது அல்ல. 2012இல் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய்க்காக கார்-டி செல் சிகிச்சை அளித்தார்கள். புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றியமைக்கப்பட்ட அவளுடைய டி செல்கள் (எதிர்ப்பு சக்தியின் வெள்ளணுக்கள்) பெருகின. கூடவே கடும் காய்ச்சல், சரிந்த ரத்த அழுத்தம், வென்டிலேட்டர். பரிசோதனையில் இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைன் பன்மடங்கு ஏறியிருந்தது. அந்தச் சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டழற்சி உண்டு. அதனால் இன்டர்லூகின்-6இன் ஏற்பியை (செல்லில் அது வந்து ஒட்டும் இடத்தை) அடைக்கும் டோசிலிசுமாப் மருந்தைப் பற்றி அவர் அறிந்திருந்தார். அதைக் கொடுத்த சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது: ஏற்பியை அடைத்த பிறகும் டி செல்கள் தம் வேலையை விடவில்லை, புற்றுநோயும் ஒழிந்தது.

ஆனால் உங்கள் பயம் வீண் பயம் அல்ல. ஸ்டீராய்டு ஒரு மூலக்கூறோடு நிற்பதில்லை, எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். பிரிட்டனின் ரெகவரி என்ற கொரோனா மருந்து ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது; ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. 2021இல் நம் ஊரிலோ சாதாரணக் காய்ச்சலுக்கே அதை வாங்கி விழுங்கியவர்கள் இருந்தார்கள். சர்க்கரை நோயோடு அளவுமீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.