ஹாமுக்குப் பாகு கடைசியில்தான்

தம்பி, வெளிநாட்டுக்கு வந்து சில மாதங்களிலேயே ஐந்து கிலோ எடையுள்ள, எலும்போடு கூடிய ஹாம் ஒன்று உங்களுக்குப் பரிசாகக் கிடைத்திருக்கிறது. அது பச்சை இறைச்சியா வெந்ததா, மேலே பளபளக்கும் அந்தப் பூச்சை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகச் செய்யலாம். ஆனால் இரண்டாவது கேள்விக்குப் போகும் முன் முதல் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். ஓவனில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதே அதைப் பொறுத்ததுதான்.

ஹாம் என்பது உப்பும், இறைச்சி கெடாமல் காக்கும் நைட்ரைட் என்ற வேதிப்பொருளும் சேர்த்துப் பதப்படுத்திய பன்றியின் பின்தொடை. நைட்ரைட் இறைச்சிக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால்தான் அந்த இளஞ்சிவப்பு நிறம் வருகிறது. நன்றாக வெந்த பிறகும் அது மாறாது. ஆகவே நிறத்தைப் பார்த்து வெந்ததா இல்லையா என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: முழுமையாக வேகவைத்தது என்றோ, உண்ணும் முன் சமைக்க வேண்டும் என்றோ அங்கே இருக்கும். பிரிட்டனில் வேகாததை கேமன் என்றும் வெந்ததை ஹாம் என்றும் பெயரிலேயே பிரித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இரண்டுமே ஹாம்தான் என்பதால் உறையைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெந்த ஹாம் என்றால் உங்கள் வேலை அதைச் சூடாக்குவது மட்டுமே. தொழிற்சாலை உறை பிரிக்காமல் வந்ததாக இருந்தால் உட்புறம் 60 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும். உறை பிரித்து வேறிடத்தில் பொதிந்ததாக இருந்தால் 74 வரை போக வேண்டும். வேகாததாக இருந்தால் 63 டிகிரியை எட்டிய பின் குறைந்தது மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். இவை அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவுகள். கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாதவை என்பதால், இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வையுங்கள். அதன் முனை தொடையின் தடித்த பகுதிக்குள் இருக்க வேண்டும், எலும்பைத் தொடக் கூடாது. தொட்டால் அது காட்டும் அளவு இறைச்சியின் சூடாக இருக்காது.

ஹாமில் உப்பு மிகுதியாக இருக்குமோ என்றும் கவலைப்பட்டிருந்தீர்கள். உப்புநீரில் ஊறவைத்தோ அதை உள்ளே செலுத்தியோ பதப்படுத்திய ஹாமை ஊறவைக்கத் தேவையில்லை. உலர் உப்பில் மாதக்கணக்கில் பதப்படுத்தியது என்றால், குளிர்பதனப் பெட்டியில் தண்ணீரில் ஓர் இரவாவது மூழ்கவைத்து, இடையில் தண்ணீரை மாற்ற வேண்டும். ஐயமாக இருந்தால் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, வாணலியில் நன்றாக வேகவைத்துச் சுவைத்துப் பாருங்கள்.

ஓவனை 160 டிகிரியில் வைத்து, வெட்டுப்பக்கம் கீழாக ஹாமைத் தட்டில் கிடத்தி, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடுங்கள். வெந்ததற்குக் கிலோவுக்கு 35 முதல் 40 நிமிடம் பிடிக்கும், வேகாததற்கு 40 முதல் 45 நிமிடம். உங்கள் ஹாம் வெந்ததாக இருந்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட அந்தப் பளபளக்கும் பூச்சைத் தரும் பாகு. நான் முதன்முதலில் செய்தபோது, நெடுநேரம் ஊறினால் சுவை உள்ளே இறங்கும் என்று நம்பி, ஓவனில் வைக்கும் முன்பே முழுப் பாகையும் ஊற்றிவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தபோது மேற்புறம் கரியாகிக் கசந்தது. தட்டின் அடியில் சர்க்கரை கல்லாக இறுகியிருந்தது. உள்ளே இருந்த இறைச்சியிலோ பாகின் சுவையே இல்லை. பாகு மேற்பரப்புக்கு மட்டுமே உரியது, சர்க்கரை நெடுநேரச் சூட்டைத் தாங்காது என்பதை அன்றுதான் கண்கூடாகப் பார்த்தேன்.

எனவே உட்புறச் சூடு தேவையான அளவுக்கு ஐந்து டிகிரி குறைவாக இருக்கும்போது ஹாமை வெளியே எடுங்கள். சூட்டோடு இருக்கையில் தோலின் ஓரத்தைக் கத்தியால் நெம்பி, விரல்களை உள்ளே விட்டுத் தள்ளினால் அது ஒரே விரிப்பாகக் கழன்று வரும். அடியிலுள்ள வெள்ளைக் கொழுப்பை அரை சென்டிமீட்டர் அளவு விட்டுவையுங்கள். அதுதான் உருகி, பாகோடு கலந்து மினுமினுப்பைத் தருகிறது. அந்தக் கொழுப்பில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். கத்தி இறைச்சியில் இறங்கினால் சாறு வெளியேறிப் பாகை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால் கை இலேசாக இருக்கட்டும். கீறல்கள் சந்திக்கும் இடங்களில் கிராம்பு குத்துவது உங்கள் விருப்பம்; பரிமாறும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

பாகுக்கு ஒரு கோப்பை பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் போதும், உப்பு வேண்டாம். இனிப்பை வெட்டுவது வினிகரின் புளிப்புதான் என்பதால் அதைக் குறைக்காதீர்கள். சிறுதீயில் கிளறி, கரண்டியின் முதுகில் வழியாமல் படியும் பதம் வந்ததும் இறக்குங்கள். ஓவனை 210 டிகிரிக்கு ஏற்றி, பாதிப் பாகைப் பூசி, மூடாமல் பத்து நிமிடம் வைத்து, மீதியைப் பூசி மேலும் பத்து நிமிடம் வையுங்கள். இந்த இருபது நிமிடமும் அங்கிருந்து நகராதீர்கள். முதலில் சிறு குமிழ்கள் படபடவென்று வெடிக்கும். பிறகு அவை பெரிதாகி, மெதுவாகி, கீறல்களின் ஓரங்கள் செம்பு நிறமாகும். அப்போதே எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் அந்த இடத்தில் மட்டும் அலுமினியத் தாளை வைத்து மறைக்கலாம். முன்பே வட்டமாகச் சீவி வரும் ஹாம் விரைவில் வறண்டுவிடும் என்பதால், அதற்கு ஒரே பூச்சும் பத்து நிமிடமும்தான்.

கடைசியாக வெப்பமானியைக் குத்திப் பார்த்து, உரிய அளவு வந்தபின் இருபது நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். எலும்பைத் தூக்கி எறியாதீர்கள்; ஊறவைத்த உலர் பட்டாணியோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் நல்ல சூப் கிடைக்கும். எலும்பிலிருந்தே உப்பு இறங்குவதால், இறக்கும் நேரத்தில் சுவைத்துப் பார்த்த பிறகே உப்புச் சேருங்கள்.