கோழி பால் கொடுப்பதில்லையே, யூதர்கள் ஏன் அதையும் பாலோடு சேர்ப்பதில்லை?

நியாயமான சந்தேகம்தான். யூதர்களின் வேதமான தோராவில் இருப்பது ஒரே வரி: ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே. யாத்திராகமம் 23:19, 34:26, உபாகமம் 14:21 என மூன்று இடங்களில் வருகிறது. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்ற விதிக்கு அடிப்படை இதுதான். கோழி பற்றிப் பேச்சே இல்லை.

பிற்கால ரபிகள்தான், அதாவது யூத மத குருக்கள்தான், இந்த விதியில் கோழியையும் சேர்த்தார்கள். தட்டில் இருப்பது கோழியா ஆடா என்று குழம்பி, மெய்யான விதியையே யாராவது மீறிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. வயலைச் சுற்றி வேலி போடுவது மாதிரி. ஆனால் எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கலிலேயரான ரபி யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டார்கள் என்று ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதே சொல்கிறது! அப்புறம் அந்த வழக்கம் நிலைக்கவில்லை.

இன்று விதியைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் இறைச்சிக்கு ஒரு செட் பாத்திரம், பாலுக்கு ஒரு செட். கோழி சாப்பிட்டால் பால் காபிக்குப் பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மானிய மரபில் மூன்று, டச்சு மரபில் ஒன்றுதான். மீன், முட்டை, காய்கறி எல்லாம் ‘பார்வே’, இரண்டிலும் சேராதவை. முட்டை தப்பித்தது, கோழி மாட்டிக்கொண்டது. எனக்கு இது இன்னும் வேடிக்கைதான்.