கேள்வி – பதில்: மரத்தை வெட்டினால்தான் மலை பிழைக்குமா?

எல்லோரும் மரம் நடு என்கிறார்கள், எங்கள் பக்கம் மலைப் புல்வெளியை மீட்கிறோம் என்று வனத்துறையே சீகை (‘வாட்டில்’ என்னும் அயல் மரம்) மரங்களை வெட்டித் தள்ளுகிறது. ஆதியில் இந்தப் புல்வெளியும் காடாகத்தானே இருந்திருக்கும்? – வாசகர், கோத்தகிரி

அங்கேதான் பலரும் தவறிவிடுகிறோம். நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை, அதாவது மக்கிய செடிகொடிகளின் படிவை ஆராய்ந்து, சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மழை குறைந்திருந்த சுமார் 20,000 வருடத்துக்கு முந்தைய காலத்திலேயே இங்கே புல் இருந்திருக்கிறது, பிறகு பருவமழை வலுத்தபோது மரம் கூடியிருக்கிறது. அதாவது யாரும் கோடரி எடுப்பதற்கு முன்பே தட்பவெப்பம் சோலையையும் (உயர்ந்த மலைகளின் இயற்கையான பசுமைக் காடு) புல்லையும் மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டிருந்தது.

இரண்டுக்கும் நடுவே கோடு போடுவதில் உறைபனிக்குப் பெரிய பங்கு உண்டு. திறந்த புல்வெளியில் சோலை மரக் கன்று முளைத்தால் டிசம்பர், ஜனவரி பனியில் கருகிவிடும், சோலைக்குள் மேலே கிளைகள் மூடியிருப்பதால் பனி இறங்காது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகைக்கு இந்தக் குளிரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள், சரி. சுதந்திரத்துக்கு அப்புறம் நாமே அதைவிடத் தீவிரமாக, தோல் பதனிடப் பட்டைக்கென்றும் விஸ்கோஸ் என்னும் செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழுக்கென்றும், ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று நினைத்துப் புல்வெளி முழுக்க நட்டோம். தோடர்கள் எருமை மேய்த்த, கோயில் கூரைக்குப் புல் அறுத்த நிலம் எப்படிச் சும்மா கிடந்ததாகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதும் சரியல்ல. சீகை விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், வெட்டி வெளிச்சம் விட்டாலோ தீ பட்டாலோ மொத்தமாக முளைத்துக்கொண்டு வரும். பழைய தோப்புகளுக்குள் சோலைக் கன்றுகள் தாமாக வந்திருக்கும் இடங்களும் உண்டு, அவற்றை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

செயற்கைக்கோள் படத்தில் இந்தியா பசுமையாகிவிட்டது என்கிறார்களே, நல்ல செய்திதானே? – கல்லூரி மாணவி, சென்னை

பாதி நல்ல செய்தி. 2000 முதல் 2017 வரையான படங்களை வைத்து 2019இல் வந்த ஆய்வைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் இந்தியாவில் கூடிய பசுமையில் 82 சதவீதம் வயல்வெளி, காட்டின் பங்கு நாலரை சதவீதம்கூட இல்லை. பாசனமும் உரமும் போட்டு வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் எடுத்தால் படத்தில் பச்சை கூடத்தான் செய்யும், கிணற்றில் தண்ணீர் இறங்குவது அதில் தெரியாது. இன்னொன்று, புல்வெளியில் சீகை ஏறினாலும் படத்தில் பச்சைதான். அதே செயற்கைக்கோள் படங்களில் எந்தப் பச்சை என்று பிரித்துப் பார்த்தவர்கள், பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதைக் கண்டார்கள்.

பூமி சூடானால் உறைபனி குறையுமே, சோலை தானாகப் பரவாதா? – வாசகர், கொடைக்கானல்

நல்ல கேள்வி. பரவ வழி உண்டு, ஆனால் பந்தயத்தில் சீகை ஏற்கெனவே முன்னால் ஓடுகிறது. சோலை மரம் மெதுவாக வளரும், சீகை விறுவிறுவென்று வளர்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணில் சேர்த்து மண்ணின் குணத்தையே மாற்றிவிடும். பனி குறையக் குறைய முதல் லாபம் அதற்குத்தான் என்பது என் கணிப்பு.

வீட்டு வேலியோரம் சீகைக் கன்று முளைத்திருக்கிறது, பிடுங்கலாமா? – வாசகி, குன்னூர்

தாராளமாக. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு இழுத்துவிடுங்கள். வளர்ந்த மரம் என்றால் மட்டும் கை வைக்காதீர்கள், மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் வருடத்துச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.