மகனுக்கு 151.5, மகளுக்கு 191

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு தனியார் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ முடித்தான். மொத்தம் 600க்கு 512. கணிதம் 71, இயற்பியல் 78, வேதியியல் 83, உயிரியல் 89. நீட் தேர்வில் 720க்கு 268. பள்ளி மார்க்கையும் நீட் மார்க்கையும் சேர்த்துத்தான் ரேங்க் போடுவார்களா? இன்ஜினியரிங் என்றால் நல்ல கல்லூரி கிடைக்குமா? நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்க வைத்து இன்னொரு வருடம் நீட் படிக்க வைக்கலாமா, இல்லை கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட் போட்டுவிடலாமா? எங்களுக்கு எதுவும் புரியவில்லை. விண்ணப்பத்தைக்கூட அவன் அக்காதான் போட்டுக் கொடுத்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த அவளுக்கு 191 கட்ஆஃப் வந்தது. பெண் பிள்ளையை வெளியூர் ஹாஸ்டலில் விட மனமில்லாமல், செலவையும் பார்த்து, பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்த்தோம். இப்போது முடித்துவிட்டாள், வரன் பார்க்கிறோம். பையனை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது சுலபம்.

இரண்டு மார்க்கையும் சேர்க்க மாட்டார்கள். பொறியியலுக்கு ஒரு கணக்கு, மருத்துவத்துக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சிலிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணித மார்க் முழுதாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200க்கு. இதைத்தான் கட்ஆஃப் என்கிறார்கள். உங்கள் மகனுக்கு 71, 39, 41.5. கூட்டினால் 151.5. நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் 512 இந்தக் கணக்கில் எங்கும் வராது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அவன் வாங்கிய மார்க் கட்ஆஃபைத் தொடாது. ஒரே கட்ஆஃபில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் நிற்பார்கள். அப்போது கணிதத்தில் யார் அதிகம் என்று முதலில் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம். அவனுடைய உயிரியல் மார்க் அங்கேதான் உதவும். அதிலும் சமம் என்றால் இன்னும் சில அளவுகோல்கள் உண்டு, கடைசியில் கம்ப்யூட்டர் போடும் ரேண்டம் எண். பொது ரேங்க் ஒன்று, சமூகப் பிரிவுக்கான ரேங்க் ஒன்று, இரண்டும் வரும். இரண்டையும் பாருங்கள்.

மருத்துவத்தில் 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் எம்.பி.பி.எஸ். இடம் கொடுத்தார்கள். 2017 முதல் நீட் மார்க் மட்டும்தான். இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். அதற்கு மேல் வாங்கியது ரேங்கில் ஏறாது. 268 மார்க்குக்கு அரசு மருத்துவக் கல்லூரி இடம் வெகு தூரம்.

இன்னொரு வருடம் நீட் என்று முடிவெடுக்கும் முன் அவனுடைய விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். 180 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். 72 சரி, 20 தவறு என்றாலும் 268தான். 80 சரி, 52 தவறு என்றாலும் 268தான். முதல் வகை என்றால் பாதிப் பாடத்தைத் தொடவே இல்லை, படித்தால் ஏறலாம். இரண்டாவது வகை என்றால் தெரியாததை எல்லாம் குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறான். அதற்கு ஹாஸ்டல் மருந்தில்லை. அதைவிட முக்கியமாக, டாக்டராக வேண்டும் என்று அவன் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. அவனிடம் கேளுங்கள்.

மேனேஜ்மென்ட் சீட் வேண்டாம். 151.5க்குக் கவுன்சிலிங்கிலேயே இடம் இருக்கிறது. உயிரியலும் படித்திருக்கிறான், வேளாண்மைக்கும் துணை மருத்துவப் படிப்புகள் பலவற்றுக்கும் இங்கே பிளஸ் டூ மார்க்தான், அவற்றுக்கும் விண்ணப்பிக்கட்டும்.

சரி, இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். அவளுக்கு 191 கட்ஆஃப் வந்தது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் எனக்கு இப்படிக் கடிதங்கள் வருகின்றன. ஊர் மாறும், மார்க் மாறும். பையனுக்காகப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நன்றாகப் படித்த அக்காவை ஒற்றை வரியில் கடந்துபோவது மட்டும் மாறுவதே இல்லை. 200க்கு 191 என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மகன் பெற்றதைவிட 39.5 அதிகம். இந்தக் கணக்கில் அரை மார்க்குக்கே ரேங்க் எங்கோ போய்விடும். அவள் அதை அரசுப் பள்ளியில் படித்து வாங்கியிருக்கிறாள்.

1980களிலிருந்து இங்கே பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வு இருந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கணக்குப் போட்டார்கள். கோச்சிங் போக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் அந்த 100இல்தான் அடிபட்டார்கள். அதனால்தான் 2006இல் சட்டம் கொண்டுவந்து அந்தத் தேர்வை எடுத்தார்கள். 2021இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கினார்கள். அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. உங்கள் மகள் பிளஸ் டூ முடித்தபோது இது நடைமுறையில் இருந்தது. செலவைப் பார்த்தோம் என்கிறீர்களே, எந்தச் செலவை?

தெரியாது என்பீர்கள். பையன் விஷயத்திலும் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவனுக்காகப் பேனா எடுத்து எனக்கு எழுதினீர்கள். அவளுக்காக யாரிடம் கேட்டீர்கள்? பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு நாள் போய் நின்றிருந்தால் சொல்லியிருப்பார்.

ஹாஸ்டலில் விட மனமில்லை என்கிறீர்கள். அதே கடிதத்தில் பையனை நாமக்கல் ஹாஸ்டலில் விடத் தயாராக இருக்கிறீர்கள். பயம் உண்மையானதாகவே இருக்கட்டும். பிள்ளையைப் பெற்றவனுக்குப் பயம் வரும். அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு விடுதியைப் போய்ப் பார்ப்பதும், வார்டனிடம் பேசுவதும், மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவதும் தகப்பன் வேலை. நீங்கள் உங்கள் பயத்துக்கான விலையை மகள் தலையில் கட்டிவிட்டீர்கள். குடும்பம் என்றால் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போதும் ஒரே ஆள் விட்டுக்கொடுக்கிற வீட்டை நான் நல்ல குடும்பம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பிக்காக உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தானே? அப்போது அவளுக்குத் தன்னுடைய கணக்கு நினைவுக்கு வந்திருக்காதா?

வரன் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். தரகரிடம் நீங்களே சொல்லுங்கள், அவளைச் சொல்ல வைக்காதீர்கள். பிறகு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உனக்கு 191 வந்தபோது நாங்கள் செய்தது தப்பு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் அழலாம், கோபப்படலாம், பரவாயில்லை என்றும் சொல்லலாம். பரவாயில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள்.

வழி நிறைய இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்து பி.எஸ்சி. முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்குத் தனிக் கவுன்சிலிங் உண்டு, அறிவிப்பு வந்துவிட்டதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். எம்.சி.ஏ. என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு. கணிதத்திலேயே மேலே போக நினைத்தால் அரசுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இருக்கிறது, ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நடக்கிறது, அதற்கு ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். நாமக்கல்லுக்கென்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் பணம் இதற்குத் தாராளமாகப் போதும்.

பையனும் தன் வேலையைத் தானே செய்யட்டும். ரேங்க் வந்த பிறகு அவன் கையில் இருப்பது கல்லூரி விருப்பப் பட்டியல் ஒன்றுதான். அவன் ரேங்க் வரும்போது பட்டியலில் மேலிருந்து பார்த்து எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். அதனால் உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் வைத்து, நிறையப் போட வேண்டும். பிடிக்காத கல்லூரியைப் பயத்தில் மேலே வைத்தால் அதுவே கிடைத்துவிடும். இதை அக்கா சொல்லிக் கொடுக்கலாம், அவளே போட்டுக் கொடுக்க வேண்டாம்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வாங்க நினைத்த கடனை வாங்காதீர்கள். மகள் மேலே படிக்கக் கல்விக் கடன் தேவைப்பட்டால், வங்கியில் பெற்றோர் கையெழுத்துக் கேட்பார்கள். அவளோடு போய் நீங்கள் போடுங்கள்.