தன்னைப் பத்தின தப்புக்கணக்கு, தன்னடக்கம்: கேட்டதும் சொன்னதும்

நான் உளவியல் படிச்சவன், ராமநாதபுரம் பக்கம் வேலைக்குப் போற பிள்ளைகளுக்கு இன்டர்வியூ பயிற்சி குடுக்குறேன். ஆளுக தன் திறமைய எப்படித் தப்பா எடை போடுறாங்க, அடக்கம் எதுவரைக்கும் நல்லது, இதைப் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்து குவிஞ்சதுல முடிஞ்சதுக்குப் பதில். டாக்டர் இல்ல, மாத்திரை பேரு கேக்காதீங்க.

மண்டபம் தம்பி: டன்னிங் க்ரூகர்னு சொல்றாங்களே, ஒண்ணும் தெரியாதவன்தான் எல்லாம் தெரிஞ்சவன்னு நினைப்பானாம், கொஞ்சம் தெரிஞ்சதுமே தன்னம்பிக்கை உச்சிக்கு ஏறி அப்புறம் சரியுற மாதிரி மலை போல ஒரு படம் கூட சுத்துது, அது நெசமாண்ணே?

தம்பி, அந்த மலைப் படம் மூல ஆய்வுல கிடையவே கிடையாது. இத முதல்ல மனசுல போட்டுக்கங்க, இன்னிக்கு முழுக்க இதையே சொல்லப் போறேன்.

1999ல கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் மாணவர்களுக்கு நகைச்சுவை, தர்க்கம், இங்கிலீஷ் இலக்கணம்னு பரீட்சை வச்சு, 'நூறு பேருல நீ எத்தன பேர விட மேல இருப்ப'ன்னு கேட்டாங்க. கடைசி கால்வாசியில வந்தவங்க உண்மையில சராசரியா 12 பேர விடத்தான் மேல, ஆனா 62 பேர விட மேலன்னு நினைச்சிருந்தாங்க. முதல் கால்வாசி ஆளுக கொஞ்சம் கம்மியாச் சொன்னாங்க, ஏன்னா தனக்கு ஈசியா இருந்தது எல்லாருக்கும் ஈசியாத்தான் இருந்திருக்கும்னு நினைப்பு. மத்தவங்க பேப்பரக் காட்டுனதும் அவங்க திருத்திக்கிட்டாங்க, கடைசியில இருந்தவங்களால முடியல. இதுல கவனிக்க வேண்டியது, கடைசி ஆளு கூட 'நான்தான் முதல்'னு சொல்லல, நடுவுக்குக் கொஞ்சம் மேலன்னுதான் சொன்னான். தெரியாதவன் தெரிஞ்சவன விடத் தனக்கு மேலான இடம் போட்டுக்கிட்டான்னு எங்கயும் வரல.

இன்னொண்ணு, கணக்குத் தெரிஞ்ச சிலபேரு இதுல பாதி வெறும் புள்ளியியல் வித்தைன்னு சண்டை போடுறாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. அடியில நிக்கிறவன் தப்பா ஊகிச்சா மேலதான் ஊகிக்க முடியும், கீழ போக இடம் ஏது? உச்சியில இருக்கறவனுக்கு அதுவே தலைகீழ். ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் பேசணும்.

சாயல்குடி சகோதரர்: எங்க மேனேஜருக்கு இந்த டன்னிங் க்ரூகர் இருக்கு. எப்படி நிரூபிக்கிறது?

நிரூபிக்காதீங்க. இது அடுத்தவன் நெத்தியில ஒட்டுற ஸ்டிக்கர் இல்ல.

பாம்பன் அண்ணன்: புதுசா போட்ல ஏறுற பசங்க ரெண்டு சீசன்லயே காத்து பாக்கத் தெரியும்னு பேசுறானுக. நாங்க சொன்னா சிரிக்கிறானுக. ஏன் இப்படி?

அண்ணே, நல்ல கேள்வி, இதுக்கு நீளமாவே சொல்றேன். ஒருத்தனுக்குத் தன் அளவு சரியாத் தெரியணும்னா தான் நினைச்சது சரியா தப்பான்னு உடனே, அடிக்கடி, மழுப்பாம தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். வானிலை ஆபீஸ்காரங்க மழை வர 70 சதவீத வாய்ப்புன்னு சொன்னா மறுநாளே தெரிஞ்சுரும், அதனாலதான் தன் ஊகத்த அளந்து சொல்றதுல அவங்க நல்லாவே தேறுனவங்கன்னு ஆய்வுல வருது. நாமதான் அவங்களக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

கடல் பாதி நல்ல வாத்தியார், பாதி மோசமான வாத்தியார். மீன் எங்க கிடக்குன்னு நீங்க சொன்னது சரியா தப்பான்னு வலை ஏறுனதும் தெரிஞ்சுரும். ஆனா ஆபத்து விஷயத்துல அப்படி இல்ல, மோசமான காத்துல போயிட்டுப் பொழச்சு வந்தவன் அத அதிர்ஷ்டம்னு எழுதிக்கிறது இல்ல, திறமைன்னு எழுதிக்கிறான், அடுத்த தடவையும் போறான், அடுத்த தடவையும் வந்துடுறான், கணக்கு ஏறிக்கிட்டே போகுது. இன்னொரு சிக்கல் நம்ம ஊருக்கே உள்ளது, வாடை, அதான் வடகிழக்குக் காத்து, அடிக்கிற மாசத்துல வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும் தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும், கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, வந்தா அப்படியே மாறிரும். ஒரு பக்கத்துல பழகுன பையன் கடல் முழுக்கத் தெரிஞ்சுருச்சுன்னு நினைக்கிறான், அவனுக்குத் தெரிஞ்சது பாதிக் கடலு. சிரிக்கிறவன்கிட்ட வாதாடாதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடி 'இன்னிக்குக் காத்து எந்நேரம் திரும்பும்'னு சொல்லச் சொல்லி ஒரு நோட்டுல எழுதுங்க, வந்ததும் பாருங்க. லைஃப் ஜாக்கெட் மட்டும் நோட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். இது அனுபவசாலிகளுக்கும் சேத்துத்தான்ணே.

ஏர்வாடி தங்கச்சி: சவூதியில நர்ஸா இருக்கேன். எல்லாரும் பாராட்டுறாங்க, எனக்கு மட்டும் ஒருநாள் மாட்டிக்குவோம்னு பயம். இது இம்போஸ்டர் நோயா?

நோய் இல்லம்மா. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு பேரு 1978ல நல்லா சாதிச்ச பொம்பளைங்ககிட்ட இதப் பாத்து எழுதுனாங்க, அவங்களே நோய்னு சொல்லல. நீங்க செஞ்ச வேலையோட கணக்கை எடுத்துப் பாருங்க, பயத்த சாட்சியா எடுத்துக்காதீங்க.

கீழக்கரை காக்கா (அந்தப் பக்கம் அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர்: துபாய் கம்பெனிக்கு வீடியோ இன்டர்வியூ. 'உங்களுக்கு நீங்களே பத்துக்கு எத்தன மார்க் போடுவீங்க'ன்னாங்க. நான் ஆறுன்னேன். என் கூட வந்த வெளிநாட்டு ஆளு ஒன்பதுன்னான், வேலை அவனுக்கு. நம்ம அடக்கம்தான் நம்ம எதிரியா?

காக்கா, இதுல மூணு தனித்தனி விஷயம் கலந்து கிடக்கு. உங்களுக்கு உண்மையில எவ்வளவு வரும், எவ்வளவு வரும்னு நீங்க மனசுல நினைக்கிறீங்க, வாயால என்ன சொல்றீங்க. ஆறுங்கிறது உங்க மனக்கணக்கா மரியாதையான்னு உங்களுக்கே தெரியுமா?

ஜப்பான்ல யாமகிஷி குழு 2012ல போட்ட ஆய்வு இருக்கு. சும்மா கேட்டா ஜப்பான்காரங்க 'நான் சராசரிக்குக் கீழ'ன்னாங்க. சரியாச் சொன்னா காசுன்னதும் 'சராசரிக்கு மேல'ன்னாங்க. அப்ப முதல்ல சொன்னது மனசுல இருந்த கணக்கு இல்ல, சபை நாகரிகம். நம்ம கம்பரே காவியம் தொடங்கும்போது, பாற்கடல நக்கியே தீர்த்துருவோம்னு கிளம்புன பூனை நான்னு சொல்லிக்கிட்டாரு. அத அவரோட சுயமதிப்பீடுன்னு யாராச்சும் எழுதிக்கிட்டாங்களா? அவை அடக்கம்னு கேக்குறவனுக்கும் தெரியும். துபாய்க்காரருக்குத் தெரியாது, அவரு ஆறுன்னா ஆறுதான்னு எடுத்துக்குவாரு.

அதுக்காக ஒன்பது சொன்னவன் சரின்னும் இல்ல. 1981ல ஸ்வென்சன்னு ஒருத்தரு வண்டி ஓட்டுறதப் பத்திக் கேட்டாரு, அமெரிக்க மாணவர்கள்ல 93 சதவீதம் பேரு பாதிப்பேர விட நல்லா ஓட்டுறோம்னாங்க, ஸ்வீடன்ல 69. ரெண்டுமே கணக்குல வராது.

தொண்டிப் பெரியவர்: தற்பெருமை பேசக் கத்துக் குடுக்குறீங்க. நிறைகுடம் தளும்பாதுய்யா. நம்ம ராமேஸ்வரத்துக் கலாம் ஐயா எங்கயாச்சும் தன்னைப் பத்திப் பீத்துனாரா?

ஐயா, பீத்தல. ஆனா எனக்கு ராக்கெட் தெரியாதுன்னும் சொல்லல. 1979ல அவரு தலைமையில செஞ்ச எஸ்எல்வி 3 ராக்கெட் கடல்ல விழுந்தப்ப பத்திரிகைக்காரங்க முன்னாடி இஸ்ரோ தலைவரா இருந்த சதீஷ் தவான் பொறுப்பேத்துக்கிட்டாரு, 1980ல ஜெயிச்சப்ப கலாம அனுப்பிப் பேச வச்சாரு, இத கலாமே பல மேடையில சொல்லியிருக்காரு. அடக்கம்னா நான் அதத்தான் சொல்லுவேன், தன் அளவக் குறைச்சுச் சொல்றத இல்ல.

பாம்பன் சின்னப்பாலம் அக்கா: பெரியவரு கோவிச்சுக்கக் கூடாது, அடக்கமா இருன்னு யாருகிட்ட சொல்றீங்க? எங்கம்மா விரல்ல துணியச் சுத்திக்கிட்டு கடல்ல முங்கிக் கடல்பாசி எடுக்குது. ஆபீசருங்க வந்து கேட்டா 'எங்களுக்கு என்னய்யா தெரியும்'னு நிக்குது. வீட்டுக்கு வந்து அவங்க பேசுனதுல இருந்த தப்பெல்லாம் வரிசையா அடுக்குது.

அக்கா, இன்னிக்கு வந்ததுலயே இதுதான் சரியான அடி.

தொண்டிப் பெரியவர்: அது அந்தம்மா குடுத்த மரியாதை.

மரியாதைதான் ஐயா, ஒத்துக்குறேன். ஆனா ஆபீசரு 'இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு நோட்டுல எழுதிக்கிட்டுப் போறாரே, எங்க பாசி எடுக்கலாம் எங்க கூடாதுன்னு முடிவாகுறது அந்த நோட்ட வச்சுத்தான. கடலுக்குள்ள எந்தப் பாறைத் திட்டுல (பாருல) எந்த மாசம் எவ்வளவு பாசி வளரும், நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்நேரம் இழுக்கும்னு தெரிஞ்ச ஆளு வாயடக்குனா நட்டம் அந்தம்மாவுக்கு மட்டுமா? ஆபீசரு நாற்காலியில இருந்துக்கிட்டு கேட்டா அந்தப் பதில்தான் வரும். கரையில உக்காந்து 'போன வாடைக்கு எங்க எடுத்தீங்க'ன்னு கேக்கணும், தெரியுமா தெரியாதான்னு கேக்கக் கூடாது.

மீன் நிறைய கிடைச்சும் கண்ணுபட்டுரும்னு 'பாடு (பிடிச்ச மீன்) ஒண்ணும் இல்லப்பா'ன்னு சொல்றது வேற கதை. பாதி திருஷ்டிக்குப் பயம், பாதி மீன் கிடக்குற இடம் வெளிய தெரிஞ்சுரும்னு. அத அடக்கத்துல சேக்காதீங்க.

தேவிபட்டினம்: எங்க சூப்பர்வைசருக்கு டன்னிங் க்ரூகர்...

சாயல்குடிக்குச் சொன்னதுதான்.

ராமேஸ்வரம்: நாலு வயசுப் பையன், போன்ல எல்லாம் அவனே பண்றான். ஜீனியஸா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. போனை வாங்கி வைங்க.

பேரு போடாதவர்: தூக்கம் இல்ல, எதுக்கும் லாயக்கில்லாதவன்னு தோணுது, இதுவும் தன்னைத் தப்பா எடை போடுறதா?

இத இங்க வச்சுப் பேசக் கூடாதுங்க. 14416க்கு இப்பவே கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க. கூப்பிடத் தயங்குனா வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லி அவங்களக் கூட உக்கார வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.

உச்சிப்புளி டீச்சர்: நல்லாப் படிக்கிற பிள்ளைக 'சரியா எழுதல மிஸ்'னு அழுகுதுக, படிக்காதது எண்பது வரும்னு சிரிக்குதுக. என்ன பண்ணலாம்?

டீச்சர், பேப்பர் குடுக்குறதுக்கு முன்னாடி மூலையில எத்தன மார்க் வரும்னு அதுகளையே எழுதச் சொல்லுங்க, திருத்துன மார்க்க பக்கத்துல எழுதுங்க. வகுப்புல வாசிக்காதீங்க, அது பிள்ளைக்கும் உங்களுக்கும் மட்டும். நாளாக ஆக ரெண்டு நம்பரும் கிட்ட வர ஆரம்பிக்கும். அழுகுற பிள்ளை பாதி ஊருக்காக அழுகுது, எழுதுற நம்பர்ல அது தெரிஞ்சுரும். 2001ல ஸ்டீவன் ஹைன் குழு பண்ணதுல, தோத்த பிறகு ஜப்பான் மாணவர்கள் அதே வேலையில கூட நேரம் உழைச்சாங்க, வட அமெரிக்க மாணவர்கள் ஜெயிச்ச பிறகுதான் கூட உழைச்சாங்க. உங்க வகுப்புல ரெண்டு வகையும் இருக்கும், எல்லாத்தையும் ஒரே மாதிரி புகழாதீங்க.

திருப்பாலைக்குடி: அந்த மலைப் படத்துல நான் எங்க இருக்கேன்னு...

படமே இல்லைன்னு மேல சொல்லியிருக்கேன்!

கீழக்கரை காக்கா திரும்பவும்: சரி, அடுத்த வாரம் இன்னொரு இன்டர்வியூ. எத்தனதான் சொல்ல?

நம்பர மட்டும் நீட்டாதீங்க காக்கா, கூடவே ஆதாரத்தக் குடுங்க. 'எட்டு. இந்த வேலைய ஆள் துணை இல்லாம தனியா முடிச்சிருக்கேன், இந்த மெஷின் இன்னும் கைக்குப் பழகல, பழகுனா ஒன்பது.' இதுல பீத்தலும் இல்ல, பொய்யும் இல்ல. என்ன வேலைக்குப் போறீங்கன்னே ரெண்டு தடவையும் எழுதல நீங்க, அத எழுதுங்க, இங்கிலீஷ்ல சொல்ற மாதிரி வாக்கியமே போட்டுத் தரேன்.