நியாண்டர்தால் மரபு ஐரோப்பியருக்கு மட்டும் உரியதா?

அழிந்துபோன பண்டை மனித இனமான நியாண்டர்தாலின் மரபு ஐரோப்பியருடையதுதானே, சென்னைவாசிகளான நமக்கு அதில் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியன்று. 2010-இல் வெளியான நியாண்டர்தால் மரபணுத்தொகுதியின் முதல் வரைவே, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களிடையே நியாண்டர்தால் மரபணுக் கலப்பு பரவலாக இருப்பதைக் காட்டியது. அவர்களின் மரபணுத்தொகுதியில் அது ஏறத்தாழ 2 சதவீதம், கிழக்காசியரிடம் ஐரோப்பியரைவிடச் சற்றுக் கூடுதல்.

ஆயினும், 1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் எலும்புகள் கிடைத்த காலந்தொட்டு ஐரோப்பியச் சான்றுகளே அளவுகோலாக நின்றதால், பிற நிலங்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. நம் பல்லாவரத்தில் 1863-இலேயே ஆங்கிலேய நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் புட் பழங்கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தார். சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலக் கருவிமரபு (கல்லிலிருந்து பெயர்த்த செதில்களால் கருவி செய்யும் முறை) சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதென்று தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அடங்கிய குழு 2018-இல் அறிவித்தது. அங்கே மனித எலும்பு கிடைக்காத நிலையில், அந்த நுட்பம் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை.